உருளைக்கிழங்குத் தோட்டமும் நீர்ச் சிக்கனமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையிலே சமயமும் இலக்கியமும் கேட்டுப் பழகிய இச்சபைக்கு முன்னே, உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். இது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனால் திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வைத்தது வான்சிறப்பை என்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஆகவே நீரைப் பற்றிய பேச்சு இம்மேடைக்குப் புறம்பானதன்று. அதிலும், குடிக்கும் நீரும் தோட்டத்து நீரும் ஒரே கிணற்றிலிருந்து வருகின்ற எமது யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, அது ஒவ்வொரு வீட்டாரும் இருந்து பேசவேண்டிய பேச்சாகும்.

நாம் ஆறில்லாத நாட்டிலே வாழ்கின்றோம். வழுக்கையாறு என்று ஒன்று பெயரளவில் உண்டு. அது மாரியிலே ஓடிக் கடல்நீரேரியிற் கலந்துவிட்டுக் கோடையிலே வெறும் வெளியாய்க் கிடப்பது. மகாவலி போன்றதோ காவிரி போன்றதோ எமக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழைதான் எமது ஆண்டு வருமானம். அந்த மழைநீரிலே ஒரு பங்கு வெயிலிலே ஆவியாகிப் போகின்றது. ஒரு பங்கு கடலுக்கு ஓடுகின்றது. எஞ்சிய பங்கு செம்மண்ணூடாக இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. அந்தச் சேமிப்பையே தை மாதம் தொடக்கம் புரட்டாதி வரையும் கிணறு கிணறாக இறைத்துச் செலவு செய்கின்றோம்.

அந்தச் சேமிப்பு எத்தன்மையது என்பதை முதலிலே விளங்கிக்கொள்ள வேண்டும். எமது காலடியிலே கிடக்கும் நன்னீர், கடல்நீரின் மேலே மிதந்துகொண்டிருக்கின்றது. உவர்நீர் கனமானது, நன்னீர் இலேசானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே ஒல்லாந்தரான கைபென் என்பவரும், 1901 ஆம் ஆண்டிலே ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேலே நிலத்தடி நீர் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடிக்கு நன்னீர் நிற்கும் என்பது அக்கணக்கு. கேட்கும்போது மகிழ்ச்சியாயிருக்கின்றது. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். நாம் இறைத்து இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தி அப்படியே வைத்திருந்தால், நாளடைவில் அடியிலுள்ள உவர்நீர் நாற்பதடி மேலேறும். புத்தூர் நிலாவரையிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருப்பதைக் கேள்விப்பட்டிருக்கின்றோம். நிலாவரை ஒரு புதுமையன்று. குடாநாடு முழுவதும் நிலாவரைதான். ஓரிடத்திலே அது கண்ணுக்குத் தெரிகின்றது, அவ்வளவே.

இனி உருளைக்கிழங்குக்கு வருவோம். அது தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையிலே பிறந்த பயிர். இலங்கையிலே நுவரெலியா, வெலிமடை முதலிய குளிர்ந்த மலைநாட்டு ஊர்களில் அது விளைவது வியப்பன்று. கடல்மட்டத்தோடு கிடக்கும் எமது குடாநாட்டிலே விளைவதுதான் வியப்பு. கார்த்திகை, மார்கழியிலே நட்டு மாசி, பங்குனியிலே கிண்டி எடுப்பதனாலேயே அது இங்கு கைகூடுகின்றது. அந்த மூன்று மாதத்து இராக்குளிரும் பனியும்தான் எமக்குக் கிடைத்த மலைநாடு. உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி, புன்னாலைக்கட்டுவன், குப்பிழான், ஏழாலை, அச்சுவேலி என்று செம்மண் கிடக்கும் ஊர்களிலே இப்பயிர் வேரூன்றியது. 1970 தொடக்கம் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசாங்கம் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, எமது கமக்காரர் நாட்டின் சந்தைக்கே பொருள் அனுப்பினர். 1977 ஆம் ஆண்டிலே திறந்த பொருளாதாரம் வந்தபின் அந்த நல்ல விலை போயிற்று. பின்பு யுத்தம் வந்தது. 1990 ஆம் ஆண்டை அடுத்த பொருளாதாரத் தடைக் காலத்திலே மண்ணெண்ணெயும் யூரியாவும் கிடையாமல் தோட்டங்கள் பட்ட பாட்டை இங்கிருக்கும் பெரியோர் அறிவர். இவ்வளவுக்கும் தப்பி, 2009 ஆம் ஆண்டின் பின் மீண்டும் தளிர்த்த பயிர் இது. ஆதலால் இதனைக் காப்பாற்றுவதற்கு வழி தேடுவது வீண்வேலையன்று.

உருளைக்கிழங்கின் குணத்தைச் சொல்லிவிட்டே நீரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு வகையிலே அது மிகச் சிக்கனமான பயிர். உலகச் சராசரியை எடுத்தால், ஒரு கிலோ அரிசிக்குச் செலவாகும் நீர் ஏறக்குறைய 2,500 லீற்றர். ஒரு கிலோ உருளைக்கிழங்குக்கு 300 லீற்றருக்கும் குறைவு. ஆயினும் அதே பயிர் நீர் விடயத்திலே பொறுமையில்லாதது. அதன் வேர் ஆழம் போகாது. குடிக்கும் நீரிலே பெரும்பகுதியை மேல் மண்ணின் ஓரடிக்குள்ளேயே உறிஞ்சுகின்றது. மண்ணிலே பயிருக்கு எட்டும் நீரில் பாதி தீருமுன்பே அது வாட்டம் காட்டத் தொடங்கிவிடும். கிழங்கு பிடிக்கும் வேளையிலே காய விட்டால் கிழங்கின் தொகை குறையும். தோலிலே சொறி விழும். கிழங்கு பருக்கும் வேளையிலே ஒரு கிழமை காயவிட்டு மறு கிழமை வெள்ளமாய் விட்டால், கிழங்கு வெடிக்கும். கணுக்கணுவாய் முடிச்சு விழும். நடுவிலே பொந்து விழும். நீர் தேங்கி நின்றாலோ, கிழங்கு மூச்சுவிட முடியாமல் அழுகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி உருளைக்கிழங்குக்கென்றே சொல்லப்பட்டதோ என்று எண்ணத் தோன்றும். இப்பயிருக்கு வேண்டியது அதிக நீரன்று, ஒழுங்கான நீர்.

எமது முன்னோர் காலத்திலே அந்த அளவு தானாக வந்து வாய்த்தது. துலாவிலே ஒருவரோ இருவரோ ஏறி மிதிக்க, கிணற்றடியிலே ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, தோட்டத்திலே ஒருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற, விடியற்புறத்திலே இறைப்புத் தொடங்கும். ஒவ்வொரு பட்டைத் தண்ணீருக்கும் ஒரு மனிதன் வியர்வை கொடுத்தான். ஆகவே எவரும் வீணாக இறைத்ததில்லை. சூத்திரம் வைத்திருந்தவர்கள் மாட்டின் களைப்பைப் பார்த்து நிறுத்தினார்கள். பின்பு மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. மின்சார மோட்டர் வந்தது. துலா மிதித்த கால்களுக்கு அது விடுதலை. அந்த உழைப்பின் கொடுமையை அறிந்த எவரும் துலாவுக்குத் திரும்புங்கள் என்று சொல்லமாட்டார்கள், நாமும் சொல்லவில்லை. நாம் சொல்வது இதுவே: வியர்வை அளந்து கொடுத்த நீரை இப்பொழுது அறிவு அளந்து கொடுக்கவேண்டும். இயந்திரத்துக்குக் களைப்பில்லை, அதற்கு நிறுத்தச் சொல்லத் தெரியாது.

எவ்வளவு நீர் வேண்டும் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இதனை எழுதி வைத்துக்கொள்ளலாம். எங்கள் தோட்டக் கணக்கிலே பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு நிலத்திலே ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் நிற்குமாயின் அது ஏறக்குறைய 250 லீற்றர். இளவெயில் காலத்திலே நன்றாய் வளர்ந்த உருளைக்கிழங்குப் பயிர் நாளொன்றுக்கு 4 மில்லிமீற்றர் நீர் செலவிடுகின்றது என்று கொள்வோம். மூன்று நாளைக்கு ஒரு தடவை இறைத்தால் ஓர் இறைப்புக்கு வேண்டியது 12 மில்லிமீற்றர். அதாவது பரப்புக்கு 3,000 லீற்றர். செம்மண்ணின் மேல் ஓரடி தாங்கிப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கக்கூடிய நீர் அதிகமன்று. அதனாலேயே மூன்று நாளுக்கு மேலே தள்ளிவைக்க முடிவதில்லை. இந்த 3,000 லீற்றரை மனத்திலே வைத்துக்கொண்டு, அதனை வேரடிக்குக் கொண்டுசேர்க்கும் நான்கு வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, பாத்தி கட்டி நிரப்பி விடும் முறை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் எமக்குக் கைவந்த முறை இது. ஒரு மண்வெட்டி இருந்தாற் போதும், வேறு செலவில்லை. ஆனால் இதிலே ஒரு குறை உண்டு. நீர் பாத்தியின் கடைசி மூலையைத் தொடும்வரை வாயை அடைக்க முடியாது. அது அங்கே போய்ச் சேரும்போது தலைப்பிலே மண் வேண்டியதைப் போல் இருமடங்கு, மும்மடங்கு குடித்துவிடும். 12 மில்லிமீற்றர் கொடுக்க நினைத்தவர் 30 மில்லிமீற்றர் கொடுத்து முடிப்பார். பரப்புக்கு 3,000 லீற்றர் போதுமான இடத்திலே 7,500 லீற்றர் போய்விடும். இது தண்ணீர் மாறுபவரின் சோம்பலன்று. அந்த முறையினாலே அதற்குக் குறைத்துக் கொடுக்க முடியாது. அன்றியும் உருளைக்கிழங்கின் அடியிலே நீர் நிற்பது அழுகலுக்கு அழைப்பாகும்.

இரண்டாவது, வரம்பும் சாலும் அமைக்கும் முறை. கிழங்கு வரம்பிலே இருக்க, நீர் பக்கத்துச் சாலிலே ஓடி மண்ணூடாகக் கசிந்து வேரை அடையும். இலை நனையாது, கிழங்கின் மேலே நீர் நில்லாது. மண் அணைக்க அணைக்க வரம்பு உயர்வதனால், நட்டபின் வரும் பெருமழைக்கும் அது காவலாகும். 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிலே குடாநாடு வெள்ளக்காடானதை நாம் கண்டோம். அத்தகைய நாளிலே சால்தான் வடிகால். இந்த முறையிலே சாலின் நீளம் முக்கியம். நீண்ட சாலிலே பாத்தியின் குறையே திரும்பி வரும். சாலைக் குறுக்கி, மட்டம் பார்த்து வெட்டி, நீரைச் சற்று விரைவாக விட்டுக் கடைசியை எட்டியவுடன் மாறிவிட வேண்டும். ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் தனது பயிற்சி நூல்களிலே நிலத்தின்மேல் பாயும் பாசனத்துக்கு நூற்றுக்கு 60 பங்கு பயன் என்று கணக்கு வைத்திருக்கின்றது. கவனமாக நடத்தும் சால் முறைக்கு நாம் அதனைக் கொள்வோம். அப்படியாயின் பரப்புக்கு 5,000 லீற்றர் விட்டால் 3,000 லீற்றர் வேரைச் சேரும்.

மூன்றாவது, தூவல் நீர்ப்பாசனம். குழாயினாலே அழுத்தத்தோடு வரும் நீரை மழைபோலத் தூவுவது. இதற்கு அதே நிறுவனம் நூற்றுக்கு 75 பங்கு பயன் சொல்கின்றது. பரப்புக்கு 4,000 லீற்றர் போதும். சிறிய அளவைச் சீராகக் கொடுக்கலாம். தண்ணீர் மாற ஆள் வேண்டியதில்லை. மட்டமில்லாத நிலத்துக்கும் பொருந்தும். ஆயினும் உருளைக்கிழங்குக்கு இதிலே ஓர் ஆபத்து உண்டு. இலை நனைந்து நெடுநேரம் ஈரமாயிருந்தால் பின்வெளிறல் என்னும் நோய் பரவும். 1845 ஆம் ஆண்டிலே ஐரிஷ் தேசத்திலே தொடங்கிப் பத்து இலட்சம் மக்களைப் பலிகொண்ட பஞ்சத்துக்குக் காரணமாயிருந்த நோய் அதுவே. மார்கழி, தை மாதத்திலே எமது தோட்டங்களில் இரவெல்லாம் பனி பெய்கின்றது. அந்தப் பனிக்கு முன்னே மாலையிலும் தூவினால் இலை காய நேரமேது? ஆகவே தூவுவோர் காலையிலே தூவி, வெயில் ஏறமுன் முடித்து, இலையைப் பகலிலே காயவிட வேண்டும். வாடைக்காற்றுப் பலமாக வீசும் நாளிலே தூவிய நீர் அயல் தோட்டத்துக்குப் போகும் என்பதையும் மறக்கலாகாது.

நான்காவது, சொட்டு நீர்ப்பாசனம். இஸ்ரவேல் நாட்டிலே நீர்ப் பொறியியலாளர் சிம்கா பிளாஸ் என்பவரின் முயற்சியாலே உருப்பெற்று, 1965 ஆம் ஆண்டிலே அங்குள்ள ஹட்செரிம் என்னும் கூட்டுப்பண்ணையிலே தொழிலாகத் தொடங்கப்பட்டது. வரம்பின் மேலே ஒரு மெல்லிய குழாய் கிடந்து, ஒவ்வொரு செடியின் அடியிலும் துளி துளியாக விடுகின்றது. இதற்கு நூற்றுக்கு 90 பங்கு பயன். பரப்புக்கு ஏறக்குறைய 3,300 லீற்றரே செலவாகும். இலை நனையாது, சால் காய்ந்து கிடப்பதனால் களை குறையும், உரத்தைக் கரைத்துச் சிறிது சிறிதாக நீரோடே ஊட்டலாம். தமிழ்நாட்டிலே சிறு, குறு கமக்காரருக்கு இதன் முழுச் செலவையும் அரசாங்கம் மானியமாக ஏற்கும் திட்டம் வைத்திருக்கின்றார்கள். இங்கே தடையாக நிற்பவை மூன்று. முதலாவது பணம். இரண்டாவது, எமது கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பு. கேத்தலின் அடியிலே வெள்ளையாகப் படிவது எதுவோ, அதுவே சொட்டுத் துளைகளையும் அடைக்கின்றது. வடிகட்டி வைத்து, காலத்துக்குக் காலம் மென்னமிலம் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். அதனைப் பழகியவரிடம் கேட்டே செய்யவேண்டும். மூன்றாவது, மண் அணைக்கும்போதும் கிழங்கு கிண்டும்போதும் குழாயைச் சுருட்டி எடுத்து மீண்டும் விரிக்க வேண்டிய வேலை.

இப்பொழுது நான்கையும் சேர்த்துப் பார்ப்போம். மழை ஓய்ந்தபின் அறுபது நாளுக்கு, மூன்று நாளைக்கு ஒன்றாக இருபது இறைப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு பரப்புக்குப் பாத்தி முறையிலே 1,50,000 லீற்றர். சால் முறையிலே 1,00,000 லீற்றர். தூவலிலே 80,000 லீற்றர். சொட்டிலே ஏறக்குறைய 67,000 லீற்றர். மண்ணுக்கு மண் இது மாறும். ஆனால் வரிசை மாறாது. இந்தக் கணக்கிலே எம் மனத்தைக் கவர்ந்தது ஒன்று. பாத்தியிலிருந்து நல்ல சாலுக்கு மாறுவதனால் மிஞ்சுவது 50,000 லீற்றர். சாலிலிருந்து சொட்டுக்கு மாறுவதனால் மேலும் மிஞ்சுவது 33,000 லீற்றர். முதற் படியே பெரிய படி. அதற்குச் செலவு மண்வெட்டியும் கவனமும் மாத்திரமே. சொட்டுக் குழாய்க்குப் பணம் வரும்வரை காத்திருக்கின்றோம் என்று சொல்லிக்கொண்டு பாத்தியை நிரப்பிக்கொண்டிருப்பது நியாயமாகாது.

இங்கே பெரியோர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம். அது நியாயமான கேள்வி. “தம்பிமாரே, பாத்தியிலே மிஞ்சிய தண்ணீர் எங்கே போகின்றது? மண்ணுக்குள்ளே இறங்கித் திரும்பவும் எங்கள் கிணற்றுக்குத்தானே வருகின்றது? பின்பு நட்டம் எங்கே?” என்பது அக்கேள்வி. உண்மை. வெயிலிலே ஆவியாய்ப் போகும் பங்கைத் தவிர்த்து, மிஞ்சிய நீரிலே பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்லூடாக நிலத்தடிக்கே திரும்புகின்றது. ஆனால் அது போனபடியே திரும்பி வரவில்லை.

முதலிலே, அந்த நீரை மேலே கொண்டுவர எரித்த எண்ணெய் திரும்பி வராது. 2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியதை எமது கமக்காரர் மறந்திருக்கமாட்டார். பரப்புக்கு 2,500 லீற்றர் அதிகமாக இறைப்பவர் அவ்வளவு நேரம் பணத்தைப் புகையாக்குகின்றார்.

இரண்டாவது, அந்த நீர் தனியே இறங்கவில்லை. நாம் இட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு இறங்குகின்றது. 2021 ஆம் ஆண்டிலே இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது ஒரு பிடி யூரியாவின் அருமையை நாடே கண்டது. வேருக்கென்று வாங்கிய அந்த யூரியா மண்ணிலே நைத்திரேற்றாக மாறி, வேர் எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகின்றது. கிழங்குக்கும் இல்லை, கைக்காசும் இல்லை.

மூன்றாவதே எல்லாவற்றிலும் பெரியது. அந்த நைத்திரேற்று எங்கே போய்ச் சேருகின்றது? தோட்டத்துக் கிணற்றுக்கும் வீட்டுக் கிணற்றுக்கும் இடையிலே நாம் மேலே வேலி கட்டியிருக்கின்றோம், கீழே வேலியில்லை. குடிநீரிலே நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டிலே, சிறப்பாகத் தோட்டங்கள் நெருங்கிய வலிகாமத்துச் செம்மண் ஊர்களிலே, பல கிணறுகள் அந்த வரம்பைத் தாண்டியிருப்பதை ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. மலகூடக் குழிகளுக்கும் அதிலே பங்குண்டு. தோட்டத்துக்கு மாத்திரம் பழி போடுவது சரியன்று. ஆனால் தோட்டத்தின் பங்கு சிறியதன்று. இந்த நீரைக் கரைத்துப் பால்மா ஊட்டப்படும் கைக்குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். அவர்களின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம்பாரிக்கும் நோய் வரலாம். கொதிக்கவைத்தால் தீரும் என்று தாய்மார் எண்ணக்கூடாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; நைத்திரேற்றுச் சாகாது. நீர் வற்ற வற்ற அது செறிவாகும்.

ஆகவே சபையோரே, எமது ஊரிலே நீர்ப்பாசன முறையைத் தெரிந்தெடுப்பது நீரை மிச்சம் பிடிக்கும் விடயம் மாத்திரமன்று. வேறு நாட்டிலே அதிகமாக விட்ட நீர் ஆற்றோடு போய்விடும். இங்கே அது நாம் விட்ட இடத்திலிருந்து நமது தொட்டிலடிக்கு வருகின்றது. வேருக்கு வேண்டியதைக் கொடுத்து அதற்குமேற் கொடாதிருப்பதே எங்கள் ஊருக்கு ஏற்ற நல்ல பாசனம். அதனை எந்த முறை நிறைவேற்றுகின்றதோ அதுவே சிறந்த முறை. கவனமில்லாதவர் கையிலே சொட்டுக் குழாயும் இரவு முழுவதும் திறந்து கிடந்து, பாத்தி செய்யும் தீங்கைச் செய்யும். கவனமுள்ளவர் கையிலே குறுஞ்சால் பெரு நன்மை செய்யும்.

வெளியிலிருந்து நீர் வரும் என்று காத்திருப்பதும் போதாது. பொறியியலாளர் ச. ஆறுமுகம் அவர்கள் 1950 களிலே முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம் பற்றி இன்றும் பேசுகின்றோம். ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கும் அந்த எண்ணம் பெரியது, முழுமையாக நிறைவேறாதது. இரணைமடு நீரைப் பற்றியும் பேசினோம். வன்னியிலுள்ள கமக்காரருக்கும் அந்நீர் வேண்டியதே. ஈற்றிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்று தாழையடியிலே கட்டப்பட்டு 2024 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. குடிநீருக்கு அது உதவும். ஆனால் பெருஞ்செலவிலே கடலை வடித்துக் குடித்துக்கொண்டு, காலடியிலே இறைவன் தந்த நன்னீரை உரக்கரைசலாக்கிக்கொண்டிருப்பது புத்தியாகுமா?

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கின்றோம். இவை நான்கும் எவராலும் இயன்றவை.

ஒன்று, உங்கள் இயந்திரத்தை அளந்து பாருங்கள். 200 லீற்றர் கொள்ளும் பரலொன்றை வைத்து, அது நிரம்ப எத்தனை வினாடி என்று மணிக்கூட்டைப் பார்த்துக் குறியுங்கள். 25 வினாடி என்றால் வினாடிக்கு 8 லீற்றர். சால் முறையிலே பரப்புக்கு 5,000 லீற்றர் விட ஏறக்குறையப் பத்தரை நிமிடம் போதும். உங்கள் தோட்டத்திலே எவ்வளவு நேரம் ஓடுகின்றது என்று ஒத்துப் பாருங்கள். இந்த வேலைக்கு ஒரு மாணவன் போதும்.

இரண்டு, நாட்காட்டியைப் பார்த்து இறைக்காமல் மண்ணைப் பார்த்து இறையுங்கள். வரம்பின் பக்கத்திலே ஒரு சாண் தோண்டி மண்ணை எடுத்துக் கையிலே பிடியுங்கள். உருண்டையாய்ப் பிடிபட்டு நின்றால் நாளைக்கு இறைக்கலாம். உதிர்ந்தால் இன்றைக்கே இறையுங்கள். நட்டவுடன் ஈரம் போதும், சேறு வேண்டாம். கிழங்கு பிடிக்கும் காலத்திலும் பருக்கும் காலத்திலும் தவறவிடாதீர்கள். கிண்டுவதற்கு ஒன்றிரண்டு கிழமைக்கு முன் நிறுத்தித் தோலை முற்றவிடுங்கள். உரத்தையும் ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்து இடுங்கள்.

மூன்று, மண் நீரைப் பிடித்து வைத்திருக்கப் பழக்குங்கள். பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்திய நிலம் நீரைப் பிடித்துவைத்ததை எமது பாட்டன்மார் அறிந்திருந்தனர். அந்த அறிவுக்கு மானியம் வேண்டியதில்லை. கிணற்றடியிலிருந்து மண் வாய்க்காலிலே போகும் நீர், பயிரை அடையுமுன்பே வழியிலே குறைகின்றது. சீமெந்து வாய்க்காலோ குழாயோ போட்டால் அந்த நட்டம் நிற்கும்.

நான்கு, சேர்ந்து செய்யுங்கள். ஒருவராலே சொட்டுத் தொகுதி வாங்குவது கடினம். கமக்காரர் அமைப்பும், சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமும் முன்வந்தால், ஊருக்கு ஒரு தோட்டத்திலே ஒரே ஆண்டிலே ஒரு பரப்புச் சால், ஒரு பரப்புத் தூவல், ஒரு பரப்புச் சொட்டு என்று நட்டு, இறைத்த நீரையும் கிண்டிய கிழங்கையும் அளந்து எல்லோருக்கும் காட்டலாம். கமநல சேவை நிலையத்திலே உள்ள விவசாயப் போதனாசிரியரை அழையுங்கள். திருநெல்வேலியிலுள்ள விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையத்தாரையும், கிளிநொச்சி அறிவியல்நகரிலே இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தாரையும் கேளுங்கள். அவ்வாறே வீட்டுக் கிணற்று நீரைச் சோதிப்பதற்கும் சங்கம் ஒழுங்கு செய்யலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டிலிருந்து அதனைத் தொடங்குங்கள்.

பெரியோர்களே, உங்களுக்கு மண் தெரியும், காற்றுத் தெரியும், எந்தக் கிணறு எந்த மாதத்திலே உவர்க்கும் என்பது தெரியும். இளைஞர்களே, உங்களுக்குக் கணக்குத் தெரியும். குழாய் பொருத்தத் தெரியும். உலகத்திலே நடப்பதைத் தேடிப் படிக்கத் தெரியும். இரண்டு அறிவும் ஒரே தோட்டத்திலே வந்து நிற்கவேண்டும் என்பதே எமது வேண்டுகோள். வருகிற கார்த்திகையிலே நடுவதற்கு வரம்பு கட்டும்போது, சாலை முன்னையிலும் குறுக்கி வெட்டுங்கள். பரலையும் மணிக்கூட்டையும் கிணற்றடிக்குக் கொண்டுபோங்கள். அடுத்த ஆண்டு விழாவிலே எவராவது ஒரு கமக்காரர் இம்மேடையில் ஏறி, ‘பரப்புக்கு இத்தனை லீற்றர் இறைத்தேன், இத்தனை அந்தர் கிண்டினேன்’ என்று தாமே அளந்த கணக்கைச் சொல்வாராயின், அது இச்சொற்பொழிவிலும் பயனுடையதாயிருக்கும்.